பண்ணையாரின் திமில்

குற்றச்சாட்டு: 1964-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாதுங்காவில் தமிழ் வாசகர் மன்றம் வெளியிட்ட தீபாவளி மலரில், 'நம் கடலின் திமில் ஓங்கில்' என்ற தலைப்பில் திரு. அனந்தகிருஷ்ணன் அவர்கள் எழுதியுள்ள கட்டுரையில், தாராவி தோல் கிடங்கு ஊழியர் தளவாய் கண்டவை அனைத்தும் கட்டுரையாளர் கண்டவையாகவும், தளவாய் செய்த தவறு ஒன்று மட்டும் 'ஓர் அன்பர்' செய்ததாகவும் அச்சிடப்பட்டுள்ளன.

இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிக்கத் தளவாய்க்கு ஒரு வாரம் பிடித்தது. முதலில் 'திருடிக்கொண்டார்' என்று எழுதினார். நிரூபிக்க முடியாத சொல் என்று தானே அடித்தார். 'அபகரித்தார்' என்று மாற்றிப் பார்த்தார். வயல் வரப்புத் தகராறு போல ஒலித்தது. அதையும் அடித்தார். கடைசியில் வசவுச் சொல் ஒன்றுகூட இல்லாமல், நடந்தது மட்டும் நிமிர்ந்து நிற்கும்படி அமைந்தபோதுதான் பேனாவை மூடினார். அவர் கேட்கப்போவது பணமல்ல, மன்னிப்பும் அல்ல. அச்சில் ஒரு வரி. தன் பெயர் உள்ள ஒரு வரி.

தளவாய்க்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பம்பாய்க்கு வந்தபின் தமிழைத் தானே வளர்த்துக்கொண்டார். ஆங்கிலத்தைப் பழைய அகராதி ஒன்றின் துணையோடு சொல் சொல்லாகப் பிடுங்கித் தின்றார். எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டார். காலாவதியான ரேஷன் கார்டு, கிடங்கில் கொடுத்த ஹாஜர் சீட்டு, நூலகத்து ரசீது எல்லாம் கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டியில் வருஷவாரியாகக் கிடந்தன. "இந்தப் பெட்டிய வித்தா ஒரு மாசக் கரிக்கு ஆவும்" என்பாள் அவர் மனைவி செண்பகவல்லி.

தாராவியில் தோல் பதனிடும் சாலை ஒன்றின் கிடங்கில் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை. உப்புப் போட்டு வரும் தோலை மேசைமேல் விரித்தால் போதும். அந்த மாட்டின் சரித்திரமே அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். இது சாட்டைத் தழும்பு, இது முள்வேலிக் கீறல், இது உண்ணி கடித்த ஓட்டை, இது சூட்டுக்குறி. ஒரே மந்தையில் வந்த நூறு தோலைக் கலைத்துப் போட்டாலும், காலையில் பார்த்தது எது, மாலையில் பார்த்தது எது என்று சொல்லிவிடுவார். கழுத்துக்குப் பின்னால் தோல் எவ்வளவு உப்பி விரிந்திருக்கிறது என்பதைப் பார்த்து, காளையா பசுவா என்று தீர்ப்புச் சொல்வார். திமில் பெருத்திருந்தால் காளை, சிறுத்திருந்தால் பசு. அந்தக் கணக்கு அவருக்கு ஒருநாளும் பிசகியதில்லை. பின்னால் வந்த வினை முழுவதும் பிசகாத அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது.

ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, கிடங்கின் வாடை மூக்கைவிட்டுச் சற்று விலகட்டும் என்று மாஹிம் காஸ்வேயைத் தாண்டி, பாந்த்ரா முனையில் உள்ள பாறைகளுக்குப் போனார். கடல் ஏறிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கல்லெறியும் தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு திமில் நீருக்கு மேலே எழுந்து, மெதுவாக வளைந்து, உள்ளே போனது.

"மாடு முங்குது! ஏ, யாராவது வாங்கய்யா, மாடு முங்குது!" என்று கத்தினார்.

பாறையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த கோலி மீனவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அரே மதராஸி, வோ பைல் நஹீ ஹை" என்று, அது மாடில்லை எனச் சொல்லி, கைகளால் நீண்ட மூக்கு ஒன்றையும், முதுகில் ஒரு மேட்டையும் வரைந்து காட்டினான். அதற்குள் அந்தத் திமில் மறுபடியும் எழுந்தது. முதலில் ஒல்லியான நீள மூக்கு நீரைக் கிழித்து வந்தது, பிறகு தலை, உச்சந்தலையிலிருந்து 'புஸ்' என்று மூச்சு, பிறகு முதுகில் நீளவாக்கில் திமில், திமிலின் உச்சியில், குடுமி வைத்தாற்போலச் சிறு துடுப்பு ஒன்று. அந்தத் துடுப்பின் பின்விளிம்பில் எலி கடித்தது போல ஒரு வெட்டு.

அந்த வெட்டைப் பார்த்ததும் தளவாய்க்கு உடம்பு சிலிர்த்தது. அடையாளம் உள்ள எதையும் அவரால் மறக்க முடியாது. அடுத்த ஞாயிறும் போனார். அதே வெட்டு. அதற்கடுத்த ஞாயிறும் அதே. ஆயிரக்கணக்கான தோல்களைப் பார்த்துத் தேறிய கண் அது. உயிரோடு இருக்கும் தோல் ஒன்றை இப்போதுதான் அடையாளம் கண்டிருந்தது. அதற்குப் 'பண்ணையார்' என்று பெயர் வைத்தார். அதன் கூடவே எப்போதும் இன்னொன்று வரும். நீளத்தில் ஏறக்குறையச் சமம். நிறம் சற்று வெளிர். திமில் மட்டும் சிறிது. அதற்குச் 'சின்னம்மை' என்று பெயர். பெரிய திமில் பண்ணையார், சிறிய திமில் சின்னம்மை, ஆணும் பெண்ணும், புருஷனும் பெண்சாதியும். கணக்கு நேராகிவிட்டது.

இதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற தவிப்புதான் அவரை மாதுங்காவில் உள்ள மன்றத்து வாசகசாலைக்கு இழுத்துக்கொண்டு போனது. கடல்வாழ் பாலூட்டிகளைப் பற்றி அங்கே தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"என்ன ஓய், அந்தப் பக்கம் உம்மை விடமாட்டேங்கறதா, நீர் அந்தப் பக்கத்தை விடமாட்டேங்கறீரா?"

அவர்தான் அனந்தகிருஷ்ணன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா, பாலக்காட்டுக் குடும்பம், செம்பூரில் ஜாகை, ஞாயிறு தவறாமல் வாசகசாலை. அந்தப் பக்கத்தை அவர் வாய்விட்டுத் தமிழாக்கிச் சொன்னார். டால்பின் என்கிற இந்த ஓங்கில் ஈய நிறம். வெப்பக் கடல்களில் கரையை ஒட்டி, ஆழமில்லாத நீரில், கழிமுகங்களில் திரியும். பெருங்கூட்டமாகச் சேராது, நாலைந்தாக வரும். கப்பலுக்கு முன்னால் குதித்து விளையாடாது, படகைக் கண்டால் விலகிப் போகும். அது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதி.

"நான் அதப் பாத்திருக்கேன் சார். தெனமும் அங்கனதான் கெடக்கு" என்றார் தளவாய்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் அனந்தகிருஷ்ணன் கண்கள் விரிந்துவிட்டன. "எங்கே ஓய்? எங்கே?"

பாறையைக் காட்டியவர் தளவாய். கடல் ஏற்றம் தொடங்கும்போது மடவை மீன்கள் கழிமுகத்துக்குள் நுழையும். அவற்றைத் துரத்திக்கொண்டு ஓங்கில் வரும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் நிலவைப் பார்த்துக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் தளவாய். துடுப்பில் உள்ள வெட்டைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளலாம், விலாவில் இணைகோடாக ஓடும் வெள்ளைக் கீறல்கள் இன்னொரு ஓங்கிலின் பல் பட்டவை, அவை சில மாதங்களில் மங்கும், வெட்டு மங்காது என்று பிரித்துச் சொன்னவரும் தளவாய். அனந்தகிருஷ்ணன் ஒவ்வொன்றுக்கும் "பேஷ், பேஷ்" என்றார். அந்த 'பேஷ்' தளவாய்க்கு முதல் இரண்டு மாதங்கள் இனித்தது.

பிறகு அனந்தகிருஷ்ணன் ஒரு பைனாகுலரோடு வந்தார். அலுவலகத்து மேனேஜரிடம் இரவல் வாங்கியது. அன்றிலிருந்து, மூச்சுவிடும் ஓசை கேட்டுத் தளவாய் தலை திருப்புவதற்குள், "அதோ, நம்ம பண்ணையார்!" என்று அவர் குரல் வந்துவிடும். 'நம்ம' என்ற சொல் தளவாய் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. யார் வைத்த பெயர்? யாருடைய பண்ணையார்? பைனாகுலரை அவர் நீட்டும்போதெல்லாம் "வேண்டாம் சார், எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று மறுத்துவிடுவார். மறுத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை வெறுங்கண்ணால் உற்றுப்பார்ப்பார்.

ஒருமுறை பொய்யும் சொன்னார். "இந்த ஞாயிறு ஏத்தம் சரியில்ல சார், போயிப் பிரயோசனமில்ல" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் தனியாகப் போனார். வெயில் மண்டையைப் பிளக்கும்வரை பாறையில் உட்கார்ந்திருந்தும் கடல் வெறுமையாகக் கிடந்தது. மறுவாரம் அனந்தகிருஷ்ணன் சந்தோஷமாக வந்தார்: "ஓய், நீர் சொன்னது நல்லதாப் போச்சு. ஆத்துல எல்லாரையும் அழைச்சிண்டு வொர்லிக்குப் போனேன். அங்கே வந்து நிக்கறது நம்ம பண்ணையார்! குழந்தைகளெல்லாம் கைதட்டித்து."

பண்ணையார் இப்படிச் செய்திருக்கக் கூடாது என்று தளவாய்க்குத் தோன்றியது.

"ஒங்களுக்கு அந்த மீனு மேல இருக்கிற கிறுக்கு எம்மேல இருந்தா நான் பவுன் போட்டு நடப்பேன்" என்பாள் செண்பகவல்லி.

"ஏட்டி, அது மீனில்ல. எத்தன தடவ சொல்லுதேன்?"

"தண்ணிக்குள்ள கெடக்கு. மீனத் திங்கி. பெறகென்ன மீனில்ல?"

"நீ ஒருநா வந்து பாரேன். புருஷன் பெண்டாட்டின்னா அதுதான். ஒண்ண விட்டு ஒண்ணு பிரியாது."

"எனக்கெதுக்கு? அந்தப் பாறையில மீன் நாத்தம். இங்கன தோல் நாத்தம் போதாதா?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை.

1964-ஆம் வருஷம் பக்ரீத்துக்கு அடுத்த ஞாயிறு. குர்பானித் தோல்கள் லாரி லாரியாக வந்து கிடங்கில் மலையாகக் குவிந்தன. வெயிலில் ஒரு நாள் தாமதித்தாலும் அழுகிவிடும். முதலாளி ஆளனுப்பிவிட்டார்; ஞாயிறு என்று மறுக்க வழியில்லை. அனந்தகிருஷ்ணன் செம்பூரிலிருந்து கிளம்பி வந்து பாறையில் காத்திருப்பாரே என்று தளவாய்க்கு ஒரு சங்கடம். அதைவிட, தான் இல்லாமல் அவர் தனியாகப் பார்ப்பாரே என்பது பெரிய சங்கடம்.

"செண்பகம், பாறை வரைக்கும் ஒரு எட்டுப் போயி, நான் வரலன்னு அந்த சார்ட்ட சொல்லிட்டு வந்துரு. அவரையும் திரும்பிப் போவச் சொல்லு."

"அவுக ஏன் திரும்பிப் போவணும்?"

"சொன்னதச் சொல்லு."

அவள் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மாலையில் தளவாய் உப்புப் பூத்த கைகளோடு வீடு திரும்பியபோது, அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அடக்கமுடியாத சிரிப்பு.

"என்னங்க, ஒங்க பண்ணையாரு பிள்ள பெத்துட்டாரு."

"என்னது?"

"ஆமாங்கேன். பச்சப்பிள்ள. வெலாவுல வரி வரியா மடிப்பு இருக்கு, வயித்துக்குள்ள சுருண்டு கெடந்த மடிப்பு. நீந்தக்கூடத் தெரியல அதுக்கு. மூச்சு விடணும்னா தலைய மொத்தமா வெளிய தூக்கி 'பக்கு'ன்னு விடுது. பண்ணையாரு வெலாவுல அப்படியே ஒட்டிக்கிட்டு வருது. அவரு, இல்ல, அவ, அவ தொட்டுத் தொட்டு மேல ஏத்தி விடுதா. அந்த சாரு கண்ணாடியில காட்டினாக. எவ்வளவு கிட்டத்துல தெரியுது தெரியுமா!"

தளவாய்க்கு எதில் எரிச்சல் தொடங்குவது என்றே தெரியவில்லை. மூன்று வருஷம் ஞாயிறு தவறாமல் போனவர் அவர். பிறந்த குட்டியைப் பார்த்தவள் மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்தியவள். அவர் ஒருநாளும் கண்ணில் வைக்காத பைனாகுலரை அவள் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதுவும் அனந்தகிருஷ்ணன் கையிலிருந்து வாங்கி.

"அந்தக் குட்டி சின்னம்மைக்குப் பொறந்திருக்கும். பண்ணையாரு காவல் காக்கும்" என்றார்.

"நானும் முதல்ல அந்த சார்ட்ட அப்படித்தான் கேட்டேன். ஆனா சின்னம்ம தள்ளித்தான் வருது. தள்ளி, பெறத்தாலயே. நம்ம பெரியவ, தங்கச்சி பொறந்தப்ப எப்படி எஞ்சேலயப் பிடிச்சிக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நின்னா? அப்படி. அது பெண்டாட்டி இல்லங்க. அது மூத்தது. அந்தக் குட்டி முங்கி முங்கி யாரு வயித்துக்குக் கீழ போச்சுன்னு நான் பாத்தேன். பாலு குடிக்கப் போன எடம் எது, வெளயாடப் போன எடம் எதுன்னு எனக்குத் தெரியாதா? மூணு பெத்திருக்கேன்."

"திமிலு அத்தாம் பெருசு இருக்கே!"

"வயசானா எனக்குந்தான் முதுகு கூனும்."

"அவன் என்ன சொன்னான்?"

"'அவன்' எதுக்கு? அவுக நான் சொன்னதக் கேட்டு அசந்து போயிட்டாக. 'அம்மா, நீங்கோ சொல்றதுதான் சரி'ன்னாக."

தளவாய் அன்று சாப்பிடவில்லை. தன் கணக்கு பொய்த்தது ஒரு வலி. 'நீங்கோ சொல்றதுதான் சரி' என்ற அந்த வாக்கியம் அதைவிடப் பெரிய வலி. தனக்கு வந்ததெல்லாம் வெறும் 'பேஷ்'தான்.

மறு ஞாயிறு தனியாகப் போய்ப் பார்த்தார். குட்டி, பண்ணையாரின் திமிலுக்குச் சற்றுப் பின்னால், தாயின் அசைவே தன்னை இழுத்துக்கொண்டு போகும்படி ஒட்டி வந்தது. சிறிய திமில் உள்ளது ஒரு வீச்சுத் தள்ளிப் பின்தொடர்ந்தது. அவர் மூன்று வருஷமாகத் தாம்பத்தியம் என்று பார்த்துப் பெருமூச்சு விட்டதெல்லாம் தாயும் பிள்ளையும். இந்த ஜாதியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதில்லை. ஆண் வரும், போகும். பால்குடி மறந்தபிறகும் சில வருஷம் தாயோடு சுற்றுவது குட்டிதான். நீரில் நீந்தும்போது ஆணா பெண்ணா என்று மேலாகப் பார்த்துச் சொல்லவே முடியாது. திமில் வயதோடு வளர்வது. இதையெல்லாம் அவர் பிற்பாடு வாசகசாலையில், அனந்தகிருஷ்ணன் வராத நாளாகப் பார்த்துப் போய், அகராதியின் துணையோடு தானே படித்துத் தெரிந்துகொண்டார். சேர்ந்து போவது அதோடு நின்றது. யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

தீபாவளி மலர் வெளியீட்டு விழாவுக்கு அவர் போனது ரவா கேசரிக்காக அல்ல. அனந்தகிருஷ்ணன் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று யாரோ சொன்னதற்காக. கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டே புரட்டினார். பாறை இருந்தது. ஏற்றம் இருந்தது. மடவை மீன் இருந்தது. துடுப்பின் வெட்டு, மங்கும் கீறல், மங்காத வெட்டு எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் 'நான் கண்டேன்' இருந்தது. 'பண்ணையார்' என்ற பெயர்கூட 'நான் இட்ட செல்லப் பெயர்' ஆகியிருந்தது. கடைசியில்: 'ஓர் அன்பர் மாட்டுத் திமிலை மனத்தில் கொண்டு இவற்றைத் தம்பதி என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தார். அவருடைய காளை ஒருநாள் கன்று ஈன்றது!'

பக்கத்தில் நின்ற ஒருவர் அந்த வரியைப் படித்துக் குலுங்கிச் சிரித்தார். "பாருங்க சார், என்ன ஆளுய்யா!" என்று தளவாயிடமே காட்டினார்.

அனந்தகிருஷ்ணனை மண்டபத்து வாசலில் பிடித்தார்.

"சார், எம்பேரு எங்க?"

"ஓய், கோவிச்சுக்காதீர். உம்ம பேரைப் போட்டா அந்தத் தப்பும் உம்ம பேர்ல வருமேன்னுதான் போடலை. நாலு பேர் சிரிப்பா. மரியாதைக்காகத்தான் 'அன்பர்'னு எழுதினேன்."

"பாறை?"

"பாறை என்ன, பொதுப் பாறைதானே ஓய்?"

"துடுப்பு வெட்டு?"

"அது தெரியறது, எல்லாருக்கும் தெரியறது. கண்ணிருந்தா தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியலையே சார். நான் காட்டுறவரைக்கும்."

அனந்தகிருஷ்ணன் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து நடுவில் புகுந்தவர் பஞ்சாபகேசன். மலரின் ஆசிரியர், மன்றத்தின் செயலாளர். கையில் சந்தனக் கிண்ணம்.

"சண்டை வேண்டாம், பண்டிகை நாள். தளவாய், அடுத்த மலர்ல ஒரு திருத்தம் போடறேன். ஆனா பாதித் திருத்தம் போடமாட்டேன், கேட்டேளா? நீங்கோ பார்த்ததுக்கு உங்க பேர் வேணும்னா, அந்தத் தம்பதி சமாசாரத்துக்கும் உங்க பேர் வரும். ரெண்டும் சேர்ந்துதான். வேண்டாம்னா ரெண்டும் வேண்டாம். யோசிச்சு எழுதிக் கொடுங்கோ."

யோசித்தார். கிடங்கில் இந்தச் செய்தி பரவினால் என்ன ஆகும் என்பதுதான் முதல் யோசனை. திமிலைப் பார்த்துக் காளை பசு சொல்வதுதான் அவர் பிழைப்பு. 'காளை கன்று ஈன்றது' என்று அச்சில், அவர் பெயரோடு வந்தால், மேஸ்திரியிலிருந்து லாரிக்காரன் வரை ஒவ்வொரு தோலையும் விரித்துவைத்து, "இது ஆணா பொண்ணா அண்ணாச்சி, பாத்துச் சொல்லும்" என்பான். அது ஒரு வருஷத்துக்கு ஓயாது.

பெயர் வராவிட்டால்? மாதுங்காவில் மன்றத்து மலரை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், பண்ணையார் அனந்தகிருஷ்ணனின் பண்ணையாராகவே இருந்துவிடும். அந்த வெட்டை முதலில் கண்டது அந்தக் கண்ணாகவே இருந்துவிடும். சிரிப்பைத் தாங்கலாம். இதைத் தாங்க முடியாது. தப்பு என்னுடையது, அந்தத் தப்பைச் செய்ய வேண்டுமானால்கூட மூன்று வருஷம் அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்தத் தப்பையும் அவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற முடிவுக்கு வந்தார்.

மனு தயாரானது. கிடங்கு விடுமுறை நாளில், சோறு வடித்துக்கொண்டிருந்த செண்பகவல்லிக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினார். பாறை, ஏற்றம், வெட்டு, பெயர் சூட்டியது, தம்பதி என்று நம்பியது, எல்லாம் கீழே கையொப்பமிடும் தளவாயைச் சேர்ந்தவை என்று முடிந்தது.

அவள் கஞ்சித் தண்ணீரை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தாயின்னு சொன்னது யாரு?"

"அது... அது பெறகு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும்னா? அந்த சாரும் குட்டிக்குத் தாயி சின்னம்மைன்னுதான் சொன்னாக. நாந்தான் இல்லன்னேன். மலர்ல 'நான் அறிந்தேன்'னு போட்டிருக்காகன்னு நீங்கதானே படிச்சுக் காட்டுனீக? அவுக எம்பேரப் போடல. சரி, அவுக அன்னியம். நீங்க எங்க போட்டீக?"

"ஏட்டி, பொம்பள பேரு எதுக்கு இதுல?"

"ஆம்பள பேரு எதுக்கு?"

உண்மையில் அவள் பெயரைத் தளவாய் மறந்து விடவில்லை. ஒவ்வொரு முறை அந்த இடத்துக்கு வந்தபோதும் பேனா தானாகவே விலகிப்போயிற்று. எழுதினால், தான் மூன்று வருஷம் பார்த்துத் தவறவிட்டதை அவள் ஒரே மதியத்தில் பார்த்துவிட்டாள் என்பது அச்சில் நிற்கும். அவர் பெயருக்குப் பக்கத்தில், என்றென்றைக்கும். அந்தக் குமாஸ்தாமேல் உள்ள காய்ச்சலை வெளியில் சொல்லலாம். வீட்டுக்குள் இருப்பவள் மேல் வந்த இந்தக் காய்ச்சலை யாரிடம் சொல்ல?

"நீங்க போடலன்னா, நானே செம்பூருக்குப் போயி அந்த சார்ட்ட கேக்கேன். அவுகளாவது போடுவாக" என்றாள் அவள். வேண்டுமென்றேதான் சொன்னாள், எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நீ ஒண்ணும் போவ வேண்டாம்!" என்று பாய்ந்தார் தளவாய். காகிதத்தைத் திரும்ப விரித்தார். பேனாவைத் திறந்தார். ஒரு வாரம் பிடித்த அந்த முதல் வாக்கியத்தைவிட இது கனத்தது. முதலில் 'என் மனைவி' என்று எழுதினார். எட்டிப் பார்த்தவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எனக்குப் பேரில்லையா?" என்றாள். அடித்துவிட்டு எழுதினார்.

சுத்தப் பிரதி எடுக்கப்பட்டு, ஒரு நகல் தகரப்பெட்டிக்குள் போய், மூலம் பதிவுத் தபாலில் மாதுங்காவுக்குப் போனது. அதன் இறுதிப் பகுதி இவ்வாறு இருந்தது:

'ஆகவே, மேற்படி ஓங்கிலைத் துடுப்பின் வெட்டினால் முதலில் அடையாளம் கண்டவனும், பண்ணையார் என்று பெயரிட்டவனும், கட்டுரையாளருக்குப் பாறையைக் காட்டியவனும் நானே என்றும்; அவற்றைத் தம்பதி என்று தவறாக நம்பிய அன்பரும் நானே என்றும்; அது தவறு, பெரிய திமில் தாயுடையது, சிறிய திமில் மூத்த குட்டியுடையது என்று முதலில் கண்டு சொன்னவர் தாராவியில் வசிக்கும் திருமதி செண்பகவல்லி என்றும் அடுத்த மலரில் வெளியிட வேண்டும். மூன்றும் ஒருசேர வர வேண்டும். எதையும் சுருக்குதல் கூடாது. திரு. அனந்தகிருஷ்ணன் அவர்களின் பெயரைக் குறிப்பிடுவது அவசியமென்று மன்றம் கருதினால், அது இம்மூன்றுக்கும் பின்னால் வர வேண்டும். பைனாகுலர் கொண்டுவந்தவர் என்று குறிப்பிட்டால் போதுமானது.

இதை வெளியிடுவீர்களா, மாட்டீர்களா என்பதை வாய்மொழியாகவோ, ஆள் மூலமாகவோ, வாசகசாலை வாசலில் வைத்தோ சொல்ல வேண்டாம். செயலாளரின் கையொப்பமும் மன்றத்தின் முத்திரையும் இட்டு, எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். பதில் எங்கள் இருவர் பெயருக்கும் முகவரியிடப்பட வேண்டும்.'